மீன்தொட்டியும் நம்பத்தகுந்த ஆலோசனையும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகள் பெருகப் பெருக, முற்றமும் மாமரமும் கோழிக்கூடும் கண்டு வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் நான்கு சுவர்களுக்குள் வளரும் நிலை ஏற்பட்டுள்ளது. நாய் வளர்ப்பதற்கு வீட்டு உரிமையாளர் இடமளிப்பதில்லை. பூனையை அயல்வீட்டார் விரும்புவதில்லை. எஞ்சியிருப்பது மீன்தான். ஆகவே பிறந்தநாளுக்கோ, தீபாவளிக்கோ, பெருநாளுக்கோ பிள்ளையின் நச்சரிப்புத் தாங்காமல் தந்தையார் ஒருநாள் மாலை முச்சக்கரவண்டியில் ஒரு கண்ணாடித் தொட்டியுடன் வந்திறங்குகிறார். மடியில் பொலித்தீன் பை. பைக்குள் பத்துப் பன்னிரண்டு மீன்கள். அன்றிரவு அவ்வீட்டில் ஒருவரும் தொலைக்காட்சி பார்ப்பதில்லை. பத்தாம் நாள் அதே தொட்டி பல்கனியின் மூலையில் வெறுமையாகக் கிடக்கிறது.

இறந்துபோன மீன்களின் விலை பெரிதன்று. ஆனால், தன் பொறுப்பில் விடப்பட்ட ஓர் உயிர் தன் கண்முன்னே துடித்து மடிவதை ஆறு வயதுப் பிள்ளை பார்க்கிறது. அதற்கான காரணத்தைக் கேட்கிறது. "எங்கட வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்ற பதிலே பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைக்கிறது. சிலர் வாஸ்துவையும் துணைக்கழைப்பர். மீன் செத்ததற்கும் ராசிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அநேகமாக எல்லாச் சந்தர்ப்பங்களிலும் அம்மீன்களைக் கொன்றது பிழையான ஆலோசனை, அல்லது இடத்துக்குப் பொருந்தாத சரியான ஆலோசனை. இரண்டாவது வகை முதலாவதிலும் ஆபத்தானது என்பதே இக்கட்டுரையாளரின் அனுபவம்.

பல வருடங்களுக்கு முன்னர் வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் வசித்த காலத்தில் மகளுக்காக இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியொன்றை வாங்கினோம். கடைக்காரர் பன்னிரண்டு மீன்களையும் அன்றே கட்டித் தந்தார். "பைப் தண்ணியை நிரப்பி, இந்த நீல மருந்தில நாலு துளி விட்டாப் போதும்" என்றார். மேல்மாடிக்காரர், தண்ணீர் கலங்கினால் முழுவதையும் கொட்டிவிட்டுத் தொட்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவுமாறு கூறினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மைத்துனர், கப்பி மீனுக்கு எந்த மருந்தும் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரில் விட்டாலே குட்டி போட்டுப் பெருகும் என்றார். பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஆங்கில நூலொன்று, தொட்டியில் முதலில் பொருத்த வேண்டியது நீரைச் சூடாக்கும் கருவியே என்று படத்துடன் விளக்கியிருந்தது. நால்வரில் எவரும் பொய் சொல்லவில்லை. எனினும் ஒன்பதாவது நாள் தொட்டியில் ஒரு மீனும் எஞ்சவில்லை.

என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்ள வெகுகாலம் சென்றது. அதைச் சற்று விரிவாகவே கூறுவது அவசியம். ஏனெனில் மீன் வளர்ப்புப் பற்றிய எந்த ஆலோசனையையும் உரசிப் பார்ப்பதற்கான கல் இதுதான்.

மீனின் கழிவிலிருந்தும் அது தின்னாமல் விட்ட உணவு அழுகுவதிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆரம்பத்தில் மணக்கவும் மாட்டாது. குளத்திலோ ஆற்றிலோ அது பெருநீரில் கலந்து மறைந்துவிடும். அறுபது லீற்றருக்கும் குறைவான நீர் கொண்ட தொட்டியில் அது போக வழியின்றிச் சேர்ந்து மீனின் பூக்களை எரிக்கிறது. இயற்கை இதற்கு வைத்திருக்கும் பரிகாரம் பக்டீரியாக்கள். ஒருவகைப் பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை, பெருமளவு தீங்கற்ற நைத்திரேற்றாக மாற்றுகிறது. எஞ்சும் நைத்திரேற்றை நீர்த்தாவரங்கள் உறிஞ்சும். மீதியை வாராவாரம் ஒரு பகுதி நீரை மாற்றுவதன் மூலம் நாம் அகற்றலாம். இப்பக்டீரியாக்கள் வடிகட்டியின் ஸ்பொஞ்சிலும் அடியில் பரப்பிய கற்களிலும் ஒட்டி வாழ்வன. புத்தம்புதிய தொட்டியில் இவை இல்லை. போதிய அளவில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். வெப்பமான நீரில் சற்று முந்தலாம். அதற்குள் பன்னிரண்டு மீன்களை ஒரேயடியாக விட்டால் அவை தம் கழிவிலேயே மூழ்கி மடிகின்றன. முதல் நாள் துள்ளி விளையாடிய மீன்கள் ஏழாம் எட்டாம் நாளில் மேற்பரப்புக்கு வந்து வாய்பிளப்பதன் இரகசியம் இதுவே.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1850 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ரொபர்ட் வாரிங்ரன், தாவரமும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழும் கண்ணாடித் தொட்டி பற்றித் தமது சோதனைகளை வெளியிட்டார். 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீனகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் 'அக்குவாரியம்' என்ற சொல்லை வீடுதோறும் கொண்டு சென்றது. வாரிங்ரனின் மகனும் ரொபர்ட் வாரிங்ரன் என்ற பெயரையே கொண்டவர், அவரும் இரசாயனவியலாளர். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்த அவர், அமோனியா நைத்திரேற்றாவது இரண்டு படிகளில் நிகழ்கிறது என்பதைக் காட்டினார். தந்தை தொடக்கி வைத்த தொட்டியில் மீன்கள் ஏன் செத்தன என்பதற்கான விடையை, மீனைப் பற்றி நினையாமலே மகன் வயல் மண்ணில் கண்டெடுத்தார் எனலாம். அந்தப் பக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டும் பேறு 1890 அளவில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கிக்குக் கிட்டியது. நூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்த இந்த அறிவு காலி வீதிக் கடைகளுக்கு இன்னமும் முழுமையாக வந்து சேரவில்லை.

ஆகவே முதலாவது ஆலோசனை: தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கப்படலாகாது. தொட்டியை நிறுத்தி, நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவைப் போட்டு வரவேண்டும். அது அழுகித் தரும் அமோனியாவே பக்டீரியாக்களுக்கு ஆகாரம். இதனிலும் விரைவான வழி ஒன்றுண்டு. நெடுங்காலமாக மீன் வளர்க்கும் நண்பர் ஒருவரின் தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஸ்பொஞ்சுத் துண்டொன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டு வந்து நமது வடிகட்டிக்குள் வைப்பதாகும். அவரது மீன்கள் ஆரோக்கியமானவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்த அழுக்கின் பெறுமதியை அறிந்தவர், அதனைக் குழாய் நீரில் அலசமாட்டார். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்தெடுப்பார். மேல்மாடிக்காரரின் சவர்க்கார யோசனை, கொஞ்சநஞ்சம் முளைத்திருந்த பக்டீரியாவையும் அழித்தது என்பதை இப்போது வாசகர்கள் ஊகித்திருப்பர்.

இனித் தண்ணீர். களனி கங்கையிலிருந்து அம்பத்தலையிலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் பெறப்பட்டுச் சுத்திகரிக்கப்படும் நீரே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினால் கொழும்புக்கு விநியோகிக்கப்படுகிறது. நோய்க்கிருமிகளைக் கொல்வதற்காக அதில் குளோரின் சேர்க்கப்படுகிறது. மனிதருக்குக் காப்பு, மீனின் பூக்களுக்கும் மேற்கூறிய பக்டீரியாக்களுக்கும் நஞ்சு. வாளிகளில் பிடித்து ஒருநாள் முழுவதும் திறந்து வைத்தால், அதிலும் காற்றுக் குழாயொன்றைப் போட்டுக் கலக்கினால், குளோரின் வெளியேறிவிடும். அவசரமெனில் சோடியம் தயோசல்பேற் கொண்ட துளிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. புகைப்படச் சுருள்களின் காலத்தில் இருட்டறைகளில் 'ஹைப்போ' என்று அழைக்கப்பட்ட பொருள்தான் அது.

ஆனால் வாளியில் நீரைத் திறந்து வைக்கச் சொல்லும் ஆலோசனை வேறொரு நாட்டில் பிறந்தது என்பதை மறக்கலாகாது. கொழும்பில் தேங்கி நிற்கும் தெளிந்த நீர் என்பது டெங்கு நுளம்புக்கு விரித்த பாய். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 க்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு ஆளாகினர். நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளில் ஒரு வீட்டு வாளி பத்து வீடுகளுக்கான ஆபத்தாகும். வாளியைப் பிடித்த மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும். அதுவரை மெல்லிய வலைத்துணியால் மூடி வைக்க வேண்டும். இதனிலும் கவனிக்கப்படாதது மீனில்லாத புதுத்தொட்டி. நான்கு வாரங்கள் மீனின்றி நீர் நிறைந்து நிற்கும் தொட்டியில் நுளம்பு முட்டையிட்டால் ஏழு தொடக்கம் பத்து நாட்களுக்குள் புது நுளம்புகள் பறந்துவிடும். குளிர்நாட்டு நூல்கள் இதைப்பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. அவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. நமக்கு உண்டு. தொட்டிக்கு வலையாலோ கண்ணாடியாலோ இடைவெளியற்ற மூடி ஒன்று முதல் நாளிலிருந்தே அவசியம். மீன் வந்த பின்னர் அம்மூடி மீன் வெளியே துள்ளாமலும் காக்கும்.

மைத்துனரின் ஆலோசனைக்கு வருவோம். அவர் கூறியது யாழ்ப்பாணத்தில் முற்றிலும் உண்மை. சுண்ணக்கல் பாறையூடாக ஊறிவரும் அந்த மண்ணின் கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் காரையே அதற்குச் சாட்சி. கப்பியும் மொலியும் அத்தகைய நீரை விரும்பும் மீன்கள். அந்நீரில் குளோரினும் இல்லை. கொழும்பின் குழாய் நீரோ ஈரவலயத்து மழையில் பிறந்த மென்னீர். அதே கேத்தலில் ஆண்டுக்கணக்கில் கொதிக்க வைத்தாலும் அப்படிப் படிவதில்லை. மென்னீரில் கப்பி வாழாது என்பதன்று இதன் பொருள். இங்கே விற்கப்படும் கப்பிகளிற் பெரும்பாலானவை இந்நாட்டுப் பண்ணைகளிலேயே பிறந்து பழகியவை. ஆயினும் யாழ்ப்பாணத்தில் கவனிப்பின்றியே செழிக்கும் மீன் கொழும்பில் கவனிப்பை வேண்டி நிற்கிறது. மறுபுறம் வெள்ளவத்தையின் கடலோரத்தில் கிணறு வைத்திருப்போர் அதன் உவர்த்தன்மையை அறிவர். 'கிணற்றுத் தண்ணீர்' என்ற ஒரே சொல் இரு ஊர்களில் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது. ஆலோசனை கூறுபவரின் நேர்மையை மாத்திரம் பார்த்தால் போதாது. அவருடைய ஊர்த் தண்ணீரையும் விசாரிக்க வேண்டும்.

ஆங்கில நூலின் சூடாக்கியும் அவ்வாறானதே. கொழும்பில் வீட்டுக்குள் நிற்கும் நீர் ஆண்டு முழுவதும் 27 பாகை செல்சியஸ் முதல் 30 பாகை வரை தானாகவே இருக்கும். வெப்பவலய மீன்களுக்கு அதுவே தாராளம். குளிரூட்டப்பட்ட அறையில் தொட்டியை வைப்போரைத் தவிர வேறெவருக்கும் சூடாக்கி வீண் செலவு. இங்குள்ள பிரச்சினை நேரெதிரானது. 20 பாகை நீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் வரை ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது. அத்துடன் வெப்பம் கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் கூடுகிறது. ஆகவே குளிர்நாட்டு நூலொன்று இருபது மீன் என்று சொல்லும் தொட்டியில் நாம் பத்துடன் நிறுத்துவதே விவேகம். தங்கமீன் குளிர்நீர் இனம். பத்து வருடங்களுக்கு மேல் வாழக்கூடியது. இரண்டடித் தொட்டியை விஞ்சி வளர்வது. மற்றெந்த மீனிலும் அதிகமாகக் கழிவு விடுவது. அதுவே புதியவர்களின் கையில் முதலில் திணிக்கப்படுகிறது. அழகு காரணமாக இருக்கலாம்.

மின்வெட்டையும் இந்த இடத்தில் நினைவுகூர வேண்டியுள்ளது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் தடைப்பட்டபோது பல வீடுகளில் மீன்தொட்டிகள் மௌனமாகின. காற்று மோட்டார் நின்றால் மீன் மாத்திரமன்றி ஸ்பொஞ்சிலுள்ள பக்டீரியாக்களும் மூச்சின்றி இறக்கும். மின்சாரம் வந்த பின்னர் மீன்கள் மடிந்ததன் காரணம் பலருக்கு விளங்கவில்லை. மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்று மோட்டார் ஒன்று, அதுவும் இல்லாவிடின் குவளையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றும் பொறுமையுள்ள பிள்ளை ஒன்று, வீட்டிலிருப்பது நன்று.

கடைக்காரர்களைப் பற்றி எழுதும்போது நீதியாக எழுத வேண்டும். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தொட்டி ஒருநாள், மீன் ஒரு மாதம் கழித்து என்று சொல்லும் வியாபாரியை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவது வாடிக்கையாளர்களாகிய நாமே. பிள்ளையின் அழுகைக்கு முன்னால் உண்மை பேசும் துணிவு வியாபாரிக்கு மாத்திரம் எங்கிருந்து வரும்? எனினும் நல்ல கடையை அடையாளம் காண ஒரு வழி உண்டு. விற்பதற்கு முன்னர் அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். தொட்டி எவ்வளவு பெரிது, எத்தனை நாட்களாக ஓடுகிறது, ஏற்கனவே என்ன மீன் இருக்கிறது என்று கேட்பவர் ஆலோசகர். எதுவும் கேளாமல் வலையை எடுப்பவர் விற்பனையாளர். கடையின் தொட்டிகளையும் நோக்குங்கள். செத்த மீன் மிதக்கும் தொட்டி, எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே வலை, நீல நிறத்தில் மருந்து கலந்த நீர் ஆகியவற்றைக் கண்டால் நோயையும் சேர்த்தே வாங்கி வருகிறோம் என்று கொள்ளலாம். அந்த நீல மருந்து மெத்திலீன் புளூ. பூஞ்சணத்துக்கு அது உதவும்; ஆனால் நோயில்லாத தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியின் பக்டீரியாக்களைத் தாக்கும். மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை உடைத்துப் போடும் வழக்கமும் ஆங்காங்கே உண்டு. அது பற்றி அதிகம் கூறத் தேவையில்லை.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகளுள் தலையாயது, இந்த மீன் வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பது. 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் இரண்டு அங்குல நீளத்தில் விற்கப்படும் தென்னமெரிக்க மீன் ஓரடிக்கு மேல் வளரும். அது தொட்டியைத் துப்புரவு செய்யும் என்பதும் பாதி உண்மை. பாசியைச் சுரண்டுவதிலும் அதிகமாகக் கழிவிடும். 'நைப் பிஷ்' என்று விற்கப்பட்ட புள்ளி மீன் ஒரு மீற்றரை அண்மித்து வளரக்கூடியது. வளர்ந்த மீனை என்ன செய்வது? கொல்ல மனமின்றி, புண்ணியமென்று எண்ணி, வாய்க்காலிலோ வாவியிலோ விட்டுவிடுகின்றனர். இவ்விரண்டு மீன்களும் அவ்வாறே நமது நீர்நிலைகளில் குடியேறிவிட்டன. தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுப் பெருவிரால் பெருகி உள்நாட்டு மீன்களைத் தின்னத் தொடங்கியதால் 2025 ஆம் ஆண்டில் அதனைப் பிடிக்கத் தூண்டிற்காரர்களின் உதவியை அரசாங்கம் நாட வேண்டியதாயிற்று. அலங்கார மீனாக வந்து, தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் எவராலோ கொண்டுபோய் விடப்பட்டிருக்கலாம் என்றே அதிகாரிகள் கருதினர். ஒரு வரவேற்பறையில் தரப்பட்ட பிழையான ஆலோசனை நன்னீர் மீனவரின் வலைவரைக்கும் சென்று சேர்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு தீங்கு உண்டு. இலங்கையின் ஈரவலயத்து ஓடைகளில் மாத்திரமே இயற்கையாக வாழும் சிறுமீன்கள் உலகெங்கும் தொட்டிகளில் விரும்பப்படுபவை. 1929 இல் பி.ஈ.பி. தெரணியகல விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்திய செர்ரி பார்ப் அவற்றுள் ஒன்று. சிறிய தொட்டிக்கும் கொழும்பின் மென்னீருக்கும் அதைவிடப் பொருத்தமான மீனைக் காண்பது அரிது. ஆனால் அது பண்ணையில் பிறந்ததா, ஓடையில் பிடிக்கப்பட்டதா என்று கேட்டே வாங்க வேண்டும். பண்ணை மீன்கள் தாராளமாகக் கிடைக்கையில் காட்டு மீனுக்கு அவசியமில்லை. கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடைப் பகுதியில் ஒரு சிற்றோடையை நம்பி உயிர்வாழ்ந்த பண்டுல பார்ப் எனும் மீன், 1991 இல் பெயரிடப்பட்டபோதே அருகிய நிலையில் இருந்தது. அத்தகைய மீனை எவராவது விற்க முன்வந்தால் விலகிவிடுவதே முறை.

நம்பத்தகுந்த ஆலோசனையை வேறு எங்கே பெறலாம்? கொழும்புவாசிகளுக்கு இவ்விடயத்தில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட 'நாரா' எனும் தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி முகவர் நிலையம் மட்டக்குளி காக்கைத்தீவில் அமைந்துள்ளது. கொட்டாஞ்சேனையிலிருந்து அது கூப்பிடு தூரமன்றாயினும் சிறிது நேரப் பயணமே. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான 'நக்டா' எனும் தேசிய நீரியல் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, குருநாகல் மாவட்டத்து றம்படகல்லவில் அலங்கார மீன்களுக்கென்றே ஒரு நிலையத்தை நடத்துகிறது. இந்நிறுவனங்களின் அக்கறை பெரும்பாலும் ஏற்றுமதியை நோக்கியது. இலங்கையின் நன்னீர் அலங்கார மீன் ஏற்றுமதியில் கப்பிகளுக்குப் பெரும் பங்குண்டு. அதனை வளர்த்து வருமானம் தேடுவோருக்காகவே பயிற்சிகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. எனினும் அவர்களிடமுள்ள அறிவு ஒரு தொட்டிக்கும் ஆயிரம் தொட்டிக்கும் பொதுவானது. வெள்ளவத்தையில் உள்ளோர் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் மீனகத்துக்கு அழைத்துச் செல்லலாம். கடையில் விரலளவு கண்ட மீன் முழு வளர்ச்சியில் எப்படியிருக்கும் என்பதைக் கண்ணால் காண்பதற்கு நிகரான பாடம் இல்லை.

இங்கே ஒரு கோரிக்கையையும் முன்வைக்க வேண்டும். முதல் மாதத்தில் செய்ய வேண்டியவற்றையும் ஒவ்வொரு மீனினதும் முழு வளர்ச்சியையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு தாள் மீன்கடைகளில் தொங்கவிடப்படுமாயின், நம் கொள்வனவுகளில் பாதி மாறிவிடும். அதனைத் தயாரிப்பதற்குரிய அறிவு மேற்சொன்ன இரு நிறுவனங்களிடமும் உண்டு. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் மீன்தொட்டிக் கடைகளுக்கெனக் கடுமையான விதிகள் அறிவிக்கப்பட்டன. சென்னையின் கொளத்தூர் போன்ற பெருஞ்சந்தைகளின் வாழ்வாதாரம் அதில் தங்கியிருந்த நிலையில், எதிர்ப்புகள் கிளம்பி அவை பின்னர் மீளப்பெறப்பட்டன. வியாபாரிகளைப் பகைத்துக்கொள்ளும் சட்டத்திலும் பார்க்க, அவர்கள் விரும்பித் தொங்கவிடும் ஒரு தாள் கூடுதலாகச் சாதிக்கும் என்று தோன்றுகிறது.

இக்கட்டுரையாளரின் இரண்டாவது தொட்டி கொட்டாஞ்சேனையில் தொடங்கியது. ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் வீட்டு மொட்டைமாடியில் சீமெந்துத் தொட்டிகள் கட்டிக் கப்பி வளர்த்துவந்த முதிய முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் நண்பர் ஒருவர் அழைத்துச் சென்றார். ஐந்து சோடி வேண்டும் என்றதும் அவர் வலையை எடுக்கவில்லை.

"தண்ணி ஓடி எத்தின நாள் ஐயா?" என்று கேட்டார்.

"நேற்றுத்தான் நிரப்பினோம் நானா."

"அப்ப இண்டைக்கு மீன் இல்ல" என்றார். தமது தொட்டியொன்றிலிருந்து கறுத்துப்போன ஸ்பொஞ்சுத் துண்டொன்றைப் பிழியாமல் பையிலிட்டுத் தந்து, மூன்று வாரம் கழித்துத் தொட்டி நீரில் ஒரு போத்தல் கொண்டு வருமாறு கூறினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். மகள் வழிநெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வாரங்களும் வெறும் தண்ணீருக்கு நாள்தோறும் உணவு போட்டவள் அவளே. அயலவர்கள் சிரித்தார்கள். போத்தலுடன் போனபோது பெரியவர் அமோனியாச் சோதனைத் துளிகளை விட்டு நிறம் பார்த்தார். இன்னும் ஐந்து நாள் என்றார். ஐந்து நாளின் பின்னர் தந்தது ஐந்து சோடியன்று, இரண்டு பெண், ஒரு ஆண். "மிச்சத்த அதுகளே தரும்" என்றார்.

மூன்று மாதத்தில் தொட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீன்கள் இருந்தன. முப்பதை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு மீண்டும் அவரிடமே போனோம்.